பட்டியலில் பத்தாவது பெயர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. குரு மரகதம், ரவிக்கை தைக்கிறவர். சீடர் பூதலிங்கம், பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. சீடர் ஏதாவது கேட்டால் குரு பாதி நேரம் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பார். பதில் தாமதமாகத்தான் வரும்.

தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் சுற்றியுள்ள பத்து ஊர்க்காரர்களும் நம்மைத்தான் சொல்கிறான் என்பார்கள். அது பரவாயில்லை.

அந்த ஊரில் நெல் வியாபாரிகள் சங்கத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு வாசிப்புக் கூட்டம் நடக்கும். மாலை நாலிலிருந்து ஆறு வரை. மரகதம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்தவருக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் யாரும் குறுக்கே பேசக் கூடாது. தலைமை, முன்னிலை, பொன்னாடை எதுவும் இல்லை. ஆறு மணிக்குச் சங்கத்துக் காவலாளி சாவியோடு படியேறி வந்து நிற்பார். ஒரு நிமிடம் தாண்டினாலும் அடுத்த மாதம் மாடி கிடைக்காது.

பூதலிங்கம் முதல்முறை மரகதத்தின் கடைக்கு வந்தபோது கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார்.

“அக்கா, எனக்குக் கவிதை எழுதச் சொல்லித் தரணும்.”

பதினாறு வயது மூத்தவர் அக்கா என்கிறாரே என்று யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் மரகதம் எல்லோருக்கும் அக்காதான்.

மரகதம் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி என்ன வேல பாத்தீய?”

“டைம் கீப்பர். முப்பத்திரண்டு வருசம்.”

“அப்ப நம்ம கூட்டத்துல சீட்டு நீங்க பாத்துக்கிடுங்க.”

“கவிதை?”

“சீட்டு வைக்கிற ஆளு எல்லாத்தையும் உக்காந்து கேட்டுத்தான ஆகணும். கேக்க வந்துட்டா எழுத வரும்.”

கூட்டம் நடத்தியவர்களுக்குத் துண்டுச் சீட்டின் அருமை தெரியும். மைக்கைப் பிடித்த மனிதரை நிறுத்தத் தமிழ்நாட்டில் வேறு வழி இல்லை. நாம் இருமினால் அவருக்குக் கேட்காது. எழுந்து நின்றால் நமக்குத்தான் கால் வலிக்கும். ஒரு காகிதத் துண்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மரகதத்தின் கூட்டத்தில் இரண்டு சீட்டு. நாலாவது நிமிடத்தில் ‘இன்னும் ஒரு நிமிடம்’. ஐந்தாவது நிமிடத்தில் ‘நன்றி’.

பூதலிங்கம் இந்த வேலைக்கென்றே பிறந்தவர்போல் செய்தார். பழைய அழைப்பிதழ்களை ஒரே அளவாக வெட்டி, பின்பக்கத்தில் முத்து முத்தாக எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். அரை மணி நேரத்துக்குக் குறைந்து எங்கும் பேசியறியாத தமிழாசிரியர் ஆவுடையப்பன், இவர் சீட்டுக்குப் பயந்து ஐந்து நிமிடத்தில் இறங்கினார். “கூட்டம்னா இப்படில்லா இருக்கணும்” என்று ஊர் பாராட்டியது. பூதலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

குரு சொன்னபடி அவர் எல்லோரையும் கேட்டாரா என்றால், இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காதில் எதுவும் விழாது. இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் அவர் எழுதியதில் ஒன்றை மரகதம் இரண்டாம் முறை படித்தார்.

“இத வாசிக்கலாம். இந்த மாசம் பேரு போட்டுக்கிடுங்க.”

அன்று வெயிலில் வீட்டுக்கு நடந்து போனார் பூதலிங்கம். சைக்கிளைக் கடையிலேயே மறந்துவிட்டிருந்தார்.

அந்த மாதம் மதுரையிலிருந்து ஒரு பதிப்பாளர் வருவதாக இருந்தது. புத்தகம் போடுகிற ஆள் வருகிறார் என்றதும் ஊரில் கவிஞர்கள் பெருகினார்கள். பூதலிங்கம் தையல் கடையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது பெயர் ஆகியிருந்தது. அப்போதுதான் செல்லக்கனி உள்ளே வந்தார்.

செல்லக்கனி பீடி சுற்றுகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் முத்துச்செல்வி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் முன்பு ஒரு காலையில் வீட்டைவிட்டுப் போனவளை ஊரின் பெரிய குளத்திலிருந்து தூக்கினார்கள். படித்துறையில் கால் வழுக்கிவிட்டது என்றார் தாய். ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் ஒரு பையனைக் கொண்டுவந்தது. ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தது. வயிற்றில் மூன்று மாதம் என்றது. கடிதத்தை யாரும் பார்த்ததில்லை. பையன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

செல்லக்கனி உட்காரவில்லை. தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யக்கா, ஒங்க கூட்டத்துல பேரு குடுத்தா அஞ்சு நிமிசம் யாரும் குறுக்க பேசமாட்டாவளாமே, மெய்தானா?”

“மெய்தான்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்.”

“கவிதை கிவிதையெல்லாம் எனக்கு வராது. எம் மக அன்னைக்குக் காலைல எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்கிறத எழுதி வச்சிருக்கேன். அத நாலு பேரு முன்னால படிக்கணும். ஸ்டேசன்ல சொல்லப் போனேன், கேக்கல. கோயில் கூட்டத்துல எந்திரிச்சேன், உக்காருன்னுட்டாவ. எழவுக்குத் துட்டி கேக்க வந்தவியகிட்ட சொன்னா, பாதியில அவிய ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சிருதாவ. நான் இன்னும் முழுசா ஒரு தடவகூடச் சொல்லல.”

மரகதம் வாயிலிருந்த ஊசியை எடுத்து வைத்தார்.

“ஞாயித்துக்கெழம வாங்க. அஞ்சு நிமிசம் ஒங்களோடது. ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டாவ. நான் பொறுப்பு.”

பூதலிங்கம் பத்தாவதாகச் செல்லக்கனி என்று எழுதினார். பதினொன்றாவதாகத் தன் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாற்காலி போதவில்லை. அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பதிப்பாளரின் பஸ் தாமதமானதால் கூட்டம் தொடங்கவே நாலே முக்கால் ஆயிற்று. பூதலிங்கத்தின் மகன், மருமகள், பேத்திகள் எல்லோரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். முத்துச்செல்வியைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்துவைத்திருந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள். அவர்களில், வயிற்றில் மூன்று மாதம் என்று முதலில் சொன்னவர் உதவித் தலைமையாசிரியர் ஒருவர். அவர் அன்று பெண் விடுதலை பற்றி ஒரு கவிதை வாசித்தார். நல்ல கைதட்டல் கிடைத்தது.

ஏழாவதாகப் பதிப்பாளர் பேசினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பூதலிங்கம் சீட்டை எடுத்தார். மரகதத்தைப் பார்த்தார். மரகதம் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் போடுகிறவர் முன்னால் ‘நன்றி’யைக் கொண்டுபோய் எப்படி வைப்பது? எடுத்த சீட்டைப் பூதலிங்கம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதிப்பாளர் தன் இளமைக் காலத்தைத் தொடங்கி, காகித விலை வரைக்கும் வந்து, இருபது நிமிடத்தில் உட்கார்ந்தார்.

செல்லக்கனி மைக்கின் முன்னால் வந்து நின்றபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

பூதலிங்கம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கூட்டிப் பழகிய மனது. ஐம்பத்திரண்டும் ஐந்தும் ஐம்பத்தேழு. அவருடைய கவிதைக்குச் சரியாக ஐந்து நிமிடம் வேண்டும். வீட்டில் பதினெட்டு முறை வாசித்து நேரம் பார்த்திருந்தார்.

செல்லக்கனி நோட்டைப் பிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“எம் மக பேரு முத்துச்செல்வி. அன்னைக்குக் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சா. நான் பீடி எல வெட்டிக்கிட்டு இருந்தேன். பழைய சோறு குடிச்சா. மோர் புளிச்சிட்டுன்னு சொன்னா. தலைக்கு எண்ணெ வைக்கச் சொன்னா. வச்சேன். பின்னி விட்டேன். துணி தொவைக்கணும், குளத்துக்குப் போறேன்னா. நானும் வாரேன்னேன். வேண்டாம், நீ வேலயப் பாருன்னா…”

மாடியில் ஒரு இருமல்கூட இல்லை. உதவித் தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பூதலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலரை. முதல் சீட்டு வைக்க நேரமில்லை. ஐம்பத்தைந்து என்று முள் தொட்டதும் எழுந்தார்.

“வாசல்ல செருப்பப் போட்டுக்கிட்டே திரும்பிப் பாத்தா. பாத்துட்டு எங்கிட்ட சொன்னா…”

நோட்டின்மேல் ‘நன்றி’ வந்து விழுந்தது.

செல்லக்கனி அதைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படித்ததுபோல் நேரம் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து முதல் வரிசையிலிருந்த மரகதத்தைப் பார்த்தார். மரகதம் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரமாயிட்டு போல. மன்னிச்சிக்கிடுங்க” என்றார் செல்லக்கனி. நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டு இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து படியிறங்கிப் போய்விட்டார்.

உதவித் தலைமையாசிரியர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பூதலிங்கம் மேடையேறி ‘கடைசிப் பேருந்து’ என்ற தன் கவிதையை வாசித்தார். மருமகள் போனில் படம் பிடித்தாள். முடிக்கும்போது ஆறு மணி. காவலாளி சாவியோடு வாசலில் நின்றார். பதிப்பாளர் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்லாயிருந்தது ஐயா, எழுதுங்க” என்றார்.

இரண்டு வருடம் காத்திருந்தது நடந்துவிட்டது. மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பழைய சோற்றில் மோர் ஊற்றினாள் மருமகள். “புளிச்சிட்டோ மாமா?” என்று கேட்டாள். பூதலிங்கம் வட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார். நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கடைக்கு வந்தார்.

மரகதம் தைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தம்மா விசயத்துல ஒரு வருத்தம். கொஞ்சம் இழுத்து வாசிச்சிட்டாவ. நேரம் ஆயிட்டு.”

“எத்தன நிமிசம் வாசிச்சாவ?”

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு” என்றார் பூதலிங்கம்.

மிஷின் நின்றது.

“ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அக்கா?”

“எங்கையிலயும் வாட்ச் கெடக்கு அண்ணாச்சி.”

“பின்ன ஏன் தடுக்கல?”

“ரெண்டு வருசமா சீட்டெழுதுன மனுசன், குடும்பத்தோட வந்திருக்காரு. வாசிச்சிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். நெனச்சி முடிக்கதுக்குள்ள அவிய எறங்கிட்டாவ.”

மரகதம் அழுதார். சத்தமில்லாமல், கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். குரு அழுது பூதலிங்கம் பார்த்ததில்லை. எந்தக் கதையிலும் படித்ததுமில்லை.

“பொறுப்புன்னு சொன்னவ நான்” என்றார்.

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

“அவிய வீட்டுக்குப் போயிட்டு வாங்க.”

“போயி?”

“போங்க மொதல்ல.”

செல்லக்கனி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் முறம். விரல் நிற்கவில்லை. உள்ளே பாத்திரங்கள் சாக்கில் கட்டியிருந்தன.

“வாங்க அண்ணாச்சி. இரிங்க. அக்காவும் வந்துட்டுப் போனாவ.”

இது பூதலிங்கத்துக்குத் தெரியாது. மரகதம் சொல்லவில்லை.

“தாயி, தப்பு எம்மேல. நான் மூணு நிமிசத்துலயே சீட்டு வச்சிட்டேன். நான் வாசிக்கணுங்கிற ஆசையில.”

“அப்படியா” என்றார் செல்லக்கனி. கோபப்படுவார் என்று பூதலிங்கம் நினைத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு நேரங்காலம் தெரியாது. அஞ்சு நிமிசம் இவ்வளவுதான்போலன்னு நெனச்சிக்கிட்டேன். வெரசா படிச்சிருக்கலாமேன்னு என்னையத்தான் வைஞ்சிக்கிட்டு இருக்கேன்.”

“அடுத்த மாசம் வாங்க. மொத ஆளா வாங்க. பத்து நிமிசம், இருவது நிமிசம், ஒங்க இஷ்டம். நான் வாசல்ல நின்னுக்கிடுதேன்.”

செல்லக்கனி ஒரு பீடியைச் சுற்றி, நூல் கட்டி, முறத்தில் போட்டார்.

“அன்னைக்கு எம் மகளப் பேசுன மூணு பேரும் வந்திருந்தாவ. ஒரே எடத்துல, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாவ. எட்டு மாசம் கழிச்சி அன்னைக்குத்தான் அப்படி அமைஞ்சிச்சி. அடுத்த மாசம் வருவாவளா?”

பதிப்பாளர் இல்லாத கூட்டத்துக்கு அவர்கள் வந்ததே இல்லை.

“ஒண்ணு போனா அடுத்ததுல ஏறிக்கிடலாம்னு நிக்க, இது பஸ்ஸா அண்ணாச்சி?”

குத்திக்காட்டவில்லை. அவர் என்ன வேலை பார்த்தவர் என்பது செல்லக்கனிக்குத் தெரியவே தெரியாது.

“சரி, எங்கிட்டயாவது சொல்லுங்க. அந்தப் புள்ள திரும்பிப் பாத்து என்ன சொல்லிச்சி? நான் ஊரு பூரா சொல்லுதேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லுதேன்.”

செல்லக்கனி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா அது நீங்க சொன்னது. ஊருல ஏற்கெனவே பத்துப் பேரு பத்து விதமா சொல்லுதாவ. அது பதினொண்ணு. தாய் வாயால, நாலு பேரு முன்னால, மகராசி அவ சொன்னத சொன்னபடிக்குச் சொல்லணும்னு இருந்தேன். அது ஒரு ஆளுகிட்ட சொல்லுததுக்கு இல்ல.”

“அந்த நோட்டு?”

“இருக்கு. அது கெடக்கட்டும்.” சாக்கு மூட்டைகளைக் காட்டினார். “திருப்பூர்ல தங்கச்சி இருக்கா. புதங்கெழம போறேன். இங்க குளத்தத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டியிருக்கு.”

காப்பி போட்டுக் கொடுத்தார். பூதலிங்கம் குடித்தார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லை.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். மரகதம் கேட்டுக்கொண்டார்.

“இனிமே நம்ம கூட்டத்துல சீட்டு வேண்டாம் அக்கா. அந்தக் கருமாந்திரத்தக் கையால தொடமாட்டேன்.”

“சரி.”

“ஒரு வார்த்த மறுத்துப் பேசமாட்டீயளா?”

“வேண்டாம்னீய. சரின்னேன்.”

அடுத்த கூட்டம் சீட்டில்லாமல் நடந்தது. நடந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஆவுடையப்பன் எழுந்தார். இரண்டு வருடமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார். கவிதைக்கு முன்னுரை, முன்னுரைக்கு விளக்கம், விளக்கத்தில் தன் மாணவர்களின் பட்டியல். நாற்பத்திரண்டு நிமிடம். அதைப் பார்த்து அடுத்தவருக்கும் துணிச்சல் வந்தது. பதினோரு பேரில் நாலு பேர்தான் வாசித்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வேலை முடித்து யூனிபாரத்தோடு வந்த நர்ஸ் ஒருத்தி, முதல்முறையாக எழுதியதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

படியிறங்கும்போது பூதலிங்கம் கேட்டார்.

“இப்படித்தான் ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“அந்த நர்சுப் புள்ள முகம் வாடிப் போச்சி.”

“ஆமா.”

“அப்ப ஏன் சரின்னீய?”

“நீங்க காயிதத்து மேல பழியப் போட்டீய அண்ணாச்சி. போட்டுப் பாத்துட்டு வரட்டும்னு விட்டேன்.”

அடுத்த மாதம் சீட்டுகள் திரும்பி வந்தன. பூதலிங்கமே வைத்தார். இப்போது அவர் கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. ஆவுடையப்பனின் கவிதையில்கூட ஒரு வரி நன்றாக இருந்தது. இரண்டு வருடம் கழித்துச் சீடருக்குக் காது திறந்திருந்தது. என்ன கொடுத்துத் திறந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வாய் கசந்தது.

உதவித் தலைமையாசிரியர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. டீக்கடையில் பூதலிங்கத்தைப் பார்த்தபோது, “அந்தப் பீடிக்காரம்மா அன்னைக்குப் பாதியில எறங்கிட்டால்லா? பொய்ய முழுசா எழுதி வர முடியல பாத்தீரா” என்றார். பூதலிங்கம் கிளாஸை வைத்துவிட்டு வந்தார். இவரால் ஊருக்குக் கிடைத்த பதினோராவது கதை அதுதான். மகள் மட்டும் பேசப்பட்டது போய், தாயும் சேர்ந்துகொண்டார்.

அன்று மதியம் அவர் எழுத உட்கார்ந்தார். ஒரு தாய் நோட்டைப் பிரிக்கிறாள். ஒரு பெண் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள். ஒரு கை நீண்டு ஒரு சீட்டை வைக்கிறது. அந்தக் கை என் கை. அவ்வளவுதான் கவிதை. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. எழுதி முடித்ததும் அழுதார். அழுது முடித்து முகம் கழுவி, அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

மரகதம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பூதலிங்கம் நின்றுகொண்டே வாசித்தார். மேடையில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடிந்தபோது மரகதத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“எப்படி இருக்கு அக்கா?”

“நல்லாருக்கு.”

“மெய்யாவா?”

“நீங்க எழுதுனதுலயே இது ஒண்ணுதான் கவிதை. இந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் இப்படி ஒண்ண யாரும் வாசிக்கல.”

அந்த நேரத்திலும் பூதலிங்கத்துக்குச் சந்தோஷம் வந்தது. இப்போதும் வருகிறதே என்று வெட்கமும் வந்தது. ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

“என் தப்ப நானே ஊரு முன்னால ஒத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்லா? அந்தம்மா பேரு வரல. ஆருக்கும் கொறச்சல் இல்ல.”

மரகதம் துணியை மறுபடி மிஷினில் வைத்தார்.

“மாசக் கடைசியில மதுரைக்காரரு மறுபடி வாராராம். கூட்டம் வரும். அந்த மூணு பேரும் வருவாவ. அவிய காதுலயும் விழட்டும்.”

“விழும்.”

“அப்ப பட்டியல்ல பேரப் போட்டுக்கிடட்டுமா?”

“எத்தன நிமிசம் வருது?”

“சரியா அஞ்சு. நேரம் பாத்துட்டேன்.”

மரகதம் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அன்னைக்கு அவியகிட்டருந்து ரெண்டு நிமிசம் எடுத்துக்கிட்டோம் அண்ணாச்சி. இன்னும் அஞ்சு வேணுமா?”